தோட்டத்தை விற்று சீட் வாங்க வேண்டாம், பிள்ளை ஜியாலஜி படிக்கட்டும்

திருவட்டாறு பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் போன வாரம் நாகர்கோவிலுக்கு என்னைப் பார்க்க வந்தது. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார். சொந்தமாக நாற்பது சென்ட் தோட்டம் இருக்கிறது. மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து பிளஸ் டூ முடித்திருக்கிறாள். அம்மாவின் அண்ணன் குவைத்தில் இருக்கிறார். 'கம்ப்யூட்டர் சயின்ஸ்தான், அதிலும் ஏஐ' என்று தினமும் வாட்ஸ்அப்பில் சொல்கிறாராம். கோயம்புத்தூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டும் பேசி வைத்துவிட்டார். ஹாஸ்டலோடு நாலு வருடத்துக்கு 12 லட்சம். தோட்டத்தை விற்றால் பாதி வரும், மீதிக்குக் கடன். "பிள்ளைக்க எதிர்காலம் சார், தப்பா முடிவு எடுத்துரக் கூடாதுல்லா" என்று அந்த அம்மா கண் கலங்கினார்.

பயம் நியாயமானதுதான் அக்கா. ஆனால் அந்தத் தோட்டத்தை விற்கக் கூடாது. இதில் நான் வளைந்து கொடுக்கப் போவதில்லை. பால் வெட்டிப் பிழைக்கும் வீட்டில் அது ஒன்றுதான் பிடிமானம். பிள்ளை கேட்காத படிப்புக்காக அதை விற்றால், நாலு வருடமும் அவள் படிப்பைச் சுமக்க மாட்டாள், உங்கள் கடனைத்தான் சுமப்பாள். ஒரு பேப்பரில் தோற்றால்கூட வீட்டில் சொல்லப் பயப்படுவாள்.

கோடிங் பிடிக்குமா என்று அவளிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள். என் மேசையில் நம் மாவட்டத்து நிலவியல் வரைபடம், அதாவது எந்த இடத்தில் எந்தப் பாறை என்று காட்டும் ஜியாலஜி வரைபடம், ஒன்றின் நகல் கிடந்தது. எம்.எஸ்சி. படிக்கிற பழைய மாணவி ஒருத்தி விட்டுப்போனது. நாங்கள் பணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது இந்தப் பிள்ளை அதை இழுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு விரலை வைத்து, "சார், இந்தக் கோடு இங்க மட்டும் ஏன் விட்டு விட்டுப் போகுது?" என்று கேட்டாள். பாறை மண்ணுக்கடியில் போய்விட்டதால், எல்லை இங்கேதான் இருக்கும் என்று ஊகித்து வரைந்த இடம் அது. பெரும்பாலானவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், ஊரைத் தேடுவார்கள், அத்தோடு விட்டுவிடுவார்கள். கோடு மாறுவதைக் கவனிக்கிற கண் எல்லோருக்கும் இருப்பதில்லை.

அந்தக் கண்ணுக்கு ஒரு வேலை இருக்கிறது. தாளில் வரைந்த நிலவியல் வரைபடங்களைக் கணினித் தரவாக மாற்றும் வேலை. இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம், அதாவது ஜிஎஸ்ஐ, 1851-ல் தொடங்கியது. அத்தனை தலைமுறை ஆட்கள் மலையும் காடும் ஏறி வரைந்த வரைபடங்களைக் கணினிக்குள் கொண்டுவருவது பெரிய பணி, மற்ற நாடுகளிலும் இது நடக்கிறது. ஜிஎஸ்ஐ-யின் பூகோஷ் இணையதளத்தில் இப்படி மாற்றிய தரவுகள் பொதுமக்களுக்குக் கிடைக்கின்றன. தேசிய புவி அறிவியல் தரவுக் களஞ்சியத்தை மத்திய அரசு 2023 டிசம்பரில் திறந்தது. வரைபடத் தரவு தயாரிக்க இந்திய நிறுவனங்களுக்கு முன்பு இருந்த பல கட்டுப்பாடுகள் 2021 பிப்ரவரியிலேயே தளர்ந்துவிட்டன.

வேலை எப்படி இருக்கும்? கையில் இருப்பது 58 எச்/8 என்று எண்ணிட்ட வரைபடத் தாள் என்று வைத்துக்கொள்வோம். நாகர்கோவில் இந்தத் தாளில்தான் வருகிறது, கன்னியாகுமரி முனை பக்கத்துத் தாளான 58 எச்/12-ல். அளவு 1:50,000, அதாவது தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டர். முதலில் ஸ்கேன். ஈரம் குடித்த தாள் கொஞ்சம் விரிந்திருக்கும், மடிப்பு விழுந்த இடத்தில் கோடு ஒடிந்திருக்கும். அதையும் கணக்கில் எடுத்துத்தான் ஜியோரெஃபரன்சிங், அதாவது படத்தைப் பூமியில் அதன் சரியான இடத்தில் பொருத்துவது, செய்ய வேண்டும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகளைத் திரையில் தொட்டு, ஒவ்வொன்றுக்கும் அதன் டிகிரி, நிமிடத்தைக் கொடுக்க வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. நம் பழைய தாள்கள் எவரெஸ்ட் என்ற பழைய அளவுமுறையில் போட்டவை, இன்றைய ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84 முறையில் ஓடுகிறது. மாற்றுக் கணக்கு போடாமல் அப்படியே ஏற்றினால் வரைபடம் முழுக்க நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்து உட்காரும். கிணறு தோண்டச் சொன்ன இடம் பக்கத்துக்காரர் நிலத்துக்குள் போய்விடும்.

அப்புறம் கோடு. புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகச் சுற்றி வரைவார்கள். இரண்டு பரப்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விழும், இல்லாவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். பழகியவர்கள் இரண்டு பாறைக்கும் பொதுவான எல்லையை ஒரே கோடாக வரைந்து, முனைகளைச் சரியாக ஒட்டி, எல்லாம் மூடிய பிறகுதான் பரப்பை உருவாக்குவார்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் அட்டவணையில் குறிப்பு எழுத வேண்டும்: நேரில் பார்த்த எல்லையா, ஊகித்ததா, மண்ணுக்குள் மறைந்ததா. இந்தப் பிள்ளை கேட்ட கேள்வி அந்த அட்டவணையில் ஒரு தனிக் கட்டமாகவே இருக்கிறது! பாறைப் படிவு எந்தத் திசையில் ஓடுகிறது, எத்தனை டிகிரி சாய்கிறது என்று காட்டும் சின்னச் சின்னக் குறிகளையும் ஒன்று விடாமல் எண்ணாக மாற்ற வேண்டும்.

உண்மையான சோதனை தாளின் ஓரத்தில் வரும். இரண்டு தாள்களை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் ஆய்வு செய்திருப்பார்கள். ஒருவர் சார்னகைட் என்று குறித்த பாறை, ஓரத்தைத் தாண்டியதும் அடுத்தவர் தாளில் நைஸ் (gneiss) என்ற வேறு வகைப் பாறை ஆகியிருக்கும். நம் மாவட்டத்தில் இந்த இரண்டு வகையும் பரவலாக உண்டு, ஒன்று மற்றொன்றாக மாறிய இடங்களும் உண்டு. எந்தக் கோட்டை நம்புவது? அழகாக இருக்கட்டும் என்று இரண்டையும் இழுத்து ஒட்டினால் அது பொய்த் தரவு. இரண்டு அறிக்கையையும் படித்து, தேவைப்பட்டால் நேரில் போய்ப் பாறையை உடைத்துப் பார்த்து, ஏன் இப்படி முடிவு செய்தேன் என்று எழுதியும் வைக்க வேண்டும். மவுஸ் பிடிக்கத் தெரிந்தவரையும் ஜியாலஜி படித்தவரையும் பிரிக்கிற இடம் இதுதான்.

இதையெல்லாம் ஏஐ செய்துவிடாதா என்று மாமா கேட்பார். கேட்கட்டும். அமெரிக்காவில் டார்ப்பா என்ற ஆராய்ச்சி அமைப்பும் அந்த நாட்டு நிலவியல் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 2022-ல் இதற்கென்றே ஒரு போட்டி வைத்தன: தாள் வரைபடத்தைச் சரியான இடத்தில் பொருத்துவது, அதிலிருக்கும் கோடுகளையும் பரப்புகளையும் பிரித்தெடுப்பது. கருவிகள் வளர்கின்றன. வெறுமனே கோட்டின்மேல் கோடு போடும் கூலி வேலை குறைந்துகொண்டேதான் போகும். அதனால்தான் மூன்று மாத ஜிஐஎஸ் (கணினியில் வரைபடத் தரவைக் கையாளும் முறை) கோர்ஸ் என்று பணம் கேட்கும் இடங்களுக்குப் போகாதீர்கள் என்கிறேன். இயந்திரம் பிரித்துக் கொடுத்ததைப் பார்த்து 'இது தப்பு' என்று சொல்லப் பாறை தெரிந்த ஆள் வேண்டும். அதற்குப் பட்டப்படிப்பே வழி.

இந்தத் தரவு யாருக்குத் தேவை என்பதற்கு வெளியூர் போக வேண்டாம். மணவாளக்குறிச்சியில் மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல்-இன் ஆலை கடற்கரை மணலிலிருந்து இல்மனைட், மோனசைட் போன்ற கனிமங்களைப் பிரிக்கிறது. எந்த மணல் எங்கே கிடக்கிறது, தோண்டினால் கரையோர ஊருக்கு என்ன ஆகும் என்ற வாக்குவாதத்தில் இரண்டு தரப்புக்கும் நல்ல வரைபடம் வேண்டும். மலையடிவாரத்தில் கல் குவாரி அனுமதி, மழையில் சரியும் மலைச்சரிவு, கோடையில் வற்றும் கிணறு எல்லாமே பாறையில் போய்த்தான் முடிகின்றன. நம்முடையது போன்ற கடும்பாறை நிலத்தில் தண்ணீர் வெடிப்புகளிலும் சிதைந்த பாறை அடுக்கிலும்தான் நிற்கும்.

படிப்புக்கு வருவோம். தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியில் ஜியாலஜி துறை இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியிலும் சேலம் அரசு கலைக் கல்லூரியிலும் இருக்கிறது. திருவனந்தபுரம் யுனிவர்சிட்டி காலேஜ் உங்கள் வீட்டிலிருந்து கோயம்புத்தூரைவிட எவ்வளவோ பக்கம். அரசு, உதவிபெறும் கல்லூரிக் கட்டணம் அந்த 12 லட்சத்தின் பக்கத்தில்கூட வராது. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் தமிழ்நாட்டுக் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் கிடைக்கும். இந்த வரைபட வேலைக்கான கியூஜிஐஎஸ் மென்பொருள் இலவசம், சாதாரண லேப்டாப்பில் ஓடும். டேராடூனில் உள்ள இந்திய தொலையுணர்வு நிறுவனம் இணையத்தில் இலவச வகுப்புகள் நடத்துகிறது. முதல் வருடத்திலேயே அதில் உட்காரச் சொல்லுங்கள்.

பி.எஸ்சி.யோடு நிறுத்தினால் சம்பளம் சுமார்தான், அதை மறைக்க மாட்டேன். எம்.எஸ்சி. கட்டாயம். அந்தப் பட்டம்தான் யுபிஎஸ்சி நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வுக்குத் தகுதி, ஜிஎஸ்ஐ-க்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் அதன் வழியாக ஆள் எடுக்கிறார்கள். மாநிலத்தில் புவியியல் மற்றும் சுரங்கத் துறைப் பணிகளுக்கு டிஎன்பிஎஸ்சி இருக்கிறது. ஆக ஐந்து வருடம் பொறுக்க வேண்டும். தோட்டம் கையில் இருந்தால் பொறுக்கலாம். "பொம்பளப் பிள்ளைய வெயிலிலும் மலையிலும் அனுப்புவதா" என்று அப்பா தயங்கினார். விடியுமுன் டார்ச் கட்டிக்கொண்டு ரப்பர் காட்டுக்குள் போகிற மனிதரின் மகள் அவள். போவாளா மாட்டாளா என்று அவளிடமே கேட்போம் என்றேன். "போவேன்" என்றாள்.

குவைத் மாமாவிடம் நீங்கள் சண்டை போட வேண்டாம். அவர் அன்பில்தான் சொல்கிறார். பேசி வைத்த சீட்டுக்கு முன்பணம் இன்னும் கட்டவில்லை என்றீர்கள், இனியும் கட்டாதீர்கள். அவர் உதவ நினைக்கும் பணத்தில் பிள்ளைக்கு ஒரு லேப்டாப் வாங்கித் தரச் சொல்லுங்கள். அரசுக் கல்லூரிகளுக்கு இணையத்தில் பொது விண்ணப்பம், வ.உ.சி.க்குத் தனி விண்ணப்பம். எந்த குரூப் எடுத்தவர்களுக்கு இடம் உண்டு என்று கல்லூரி விளக்கக்குறிப்பில் பார்த்துவிட்டு இரண்டையும் இந்த வாரமே போட்டுவிடுங்கள்.