மண்டலம் 5 என்ற லேபிளை நம்பி ஏமாந்தவன் எழுதுகிறேன்

கேள்வி: குளிரான வட கடற்கரையில் வீடு. எவ்வளவு குளிர் தாங்கும் என்று சொல்லும் மண்டல எண்ணை லேபிளில் பார்த்து வாங்கிய செடிகள்கூட வசந்தத்துக்குள் செத்துவிடுகின்றன. எதை நடலாம்?

நீங்களும் லேபிளில் உள்ள எண்ணை மட்டும் பார்த்திருப்பீர்கள். நான் அப்படித்தான் பன்னிரண்டு லாவெண்டர் வாங்கினேன். மண்டலம் 5, அதாவது மைனஸ் 28 டிகிரி வரை தாங்குமாம். எங்கள் கரையில் மைனஸ் 12 வருவதே அபூர்வம். பிறகென்ன பயம்?

மார்ச்சில் ஒரு செடியைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்துப்போய், மழையில் ஊறிய சாக்கு மாதிரி நாற்றம். குளிரில் சாகவில்லை, குளிர்கால ஈரத்தில் அழுகியிருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் அந்த மண்டலக் கணக்கு, ஒவ்வொரு வருடமும் பதிவாகும் மிகக் குறைந்த வெப்பநிலைகளின் சராசரி. காற்று, உப்பு, ஈரம், சூடேறாத கோடை எதுவும் அதில் வராது. ('எனக்கு நன்றாக வருகிறதே' என்று வருபவர்களுக்கு: உங்களுடையது மணல், என்னுடையது களிமண்.)

அப்புறம் உப்பு. புதர்களில் கடலைப் பார்த்த இலைகள் மட்டும் ஓரம் தீய்ந்திருந்தன. நோய் என்று நினைத்து மருந்து வாங்கப் போகுமுன் ஒரு இலையை நக்கிப் பார்த்தேன். சிரிக்காதீர்கள், நன்றாகவே கரித்தது.

இப்போது முன்வரிசையில் ஸீ பக்தார்ன் என்ற முள் புதர். உப்புக் காற்றுக்கு அசையாது. ஆண் செடி, பெண் செடி தனித்தனி, பழம் வேண்டுமென்றால் இரண்டும் வேண்டும். வேரிலிருந்து கன்று விட்டுப் பரவும், வெட்டிக்கொண்டே இருங்கள். தரையோடு த்ரிஃப்ட் என்ற குட்டைப் பூச்செடி. ரோசா ருகோசா என்ற ரோஜாப் புதரும் தாங்கும், ஆனால் வட ஐரோப்பியக் கரைகளில் மணல்மேடுகளை அமுக்கிவிடும் களை அது. நான் வைக்கவில்லை. எதையும் சின்னக் கன்றாகவே வாங்குங்கள். வளர்ந்ததை நட்டால் வேர் பிடிக்குமுன் காற்று ஆட்டிச் சாய்த்துவிடும்.

காற்றுக்கு அடைத்த பலகைச் சுவர் மட்டும் வேண்டாம். மேலே ஏறிய காற்று இந்தப் பக்கம் சுழன்று இறங்கும். பாதிக் காற்றை உள்ளே விடும் வேலிதான் சரி. சுவர் யோசனை என் மச்சானுடையது. அதைக் கட்ட வந்தவர் போகும்போது எடுத்துப்போன என் ஏணி இரண்டு வருடமாகத் திரும்பவில்லை. கேட்டால், "உங்க தோட்டத்துல எதுவும் முழங்காலுக்கு மேல வளரலையே, ஏணி எதுக்கு?" என்கிறார்.