பூட்டிய டிராயரும் ஓடுகிற பையன்களும்

கேள்வி: மதுரை கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன், எட்டுப் பேர் வேலை பார்க்கிறார்கள். உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கமிருந்து பத்தாவது முடித்த பையன்களை அவர்கள் அம்மா, அப்பாவே கொண்டுவந்து விடுகிறார்கள். ஆறு மாதத்தில் கோயம்புத்தூருக்கு ஓடிவிடுகிறார்கள். பொறுப்பே கிடையாது. நுட்பமாக அளக்கிற மைக்ரோமீட்டரைக்கூட டிராயரில் பூட்டி வைத்து நானேதான் அளக்கிறேன். இவர்களை எப்படி நிற்க வைப்பது?

பதில்: பையன்களைத் திட்டி எழுதிவிட்டு, டிராயரை ஒரே வரியில் சொல்லிப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம்.

தான் கடைந்த ஷாஃப்ட், அதாவது இரும்புத் தண்டு, சரியா என்று தானே அளந்து பார்க்காதவன் என்னத்தைக் கற்றுக்கொள்வான்? மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு கூடினாலே பேரிங் ஏறாது. நீங்கள் வந்து அளந்து, ரிஜெக்ட் என்று ஓரமாகப் போடுவீர்கள். எவ்வளவு கூடியது, எந்த இடத்தில் கூடியது என்று தெரியாமலே அவன் அடுத்ததை மாட்டுவான். ஆறு மாதம் இப்படி நின்றவனுக்கு உங்கள் பட்டறையில் விட்டுப் போக என்ன இருக்கிறது? மைக்ரோமீட்டரைக் கீழே போட்டு உடைத்துவிடுவான் என்ற பயம்தானே? உங்கள் மகன் அந்த லேத்தில் நின்றால் பூட்டியிருப்பீர்களா? பெற்றவர்கள் பிள்ளையை உங்கள் கையில் ஒப்படைத்துவிட்டுப் போகிறார்கள். வாங்கிக்கொண்டவருக்குக் கடமை இல்லையா? பொறுப்பைப் பற்றி நீங்கள் பேசுவது எனக்குக் கோபமாக வருகிறது.

இனி வருகிறவனைக் கூலி ஆளாக எடுக்காமல் தொழிற்பழகுநராக, அதாவது அப்ரண்டிஸாக, பதிவு செய்யுங்கள். அதற்கு 1961-ம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டம் இருக்கிறது. முப்பது பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்துக்குத்தான் கட்டாயம், ஆனால் நாலு பேர் இருந்தாலே நீங்கள் விரும்பி எடுக்கலாம். 2016-ல் வந்த தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின்படி உதவித்தொகையில் கால் பங்கை, ஒரு வரம்புக்குள், மத்திய அரசு தருகிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கும், முடித்துத் தேறினால் சான்றிதழ் கிடைக்கும். மதுரை புதூர் அரசு ஐ.டி.ஐ.யில் போய் விசாரியுங்கள், போனில் கேட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் சம்பளம். ட்ராயிங் படித்து, செட்டிங் போட்டு, தானே அளந்து சரிபார்க்கிறவனுக்கு எவ்வளவு, அதற்கு முந்தைய படியில் இருப்பவனுக்கு எவ்வளவு என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இது தெரியாமல்தான் பாதிப் பேர் பஸ் ஏறுகிறார்கள். இத்தனைக்குப் பிறகும் ஒருவன் கோயம்புத்தூர் போனால் போகட்டும், தொழில் தெரிந்தவனாகப் போகட்டும். இப்போது உங்களிடம் இருக்கிற பையன்களின் வீட்டுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே போய், என்ன கற்றுத்தரப் போகிறீர்கள் என்று பெற்றவர்களிடம் நேரில் சொல்லிவிட்டு வாருங்கள்.