எந்த மொழி, எந்த வேலைக்கு?

கேள்வி: மகள் உயர்தரம் உயிரியல் பிரிவில் எழுதிவிட்டுப் பெறுபேற்றைப் பார்த்திருக்கிறாள். தாதி வேலையில் விருப்பம். ஜேர்மன் படிக்கச் சொல்கிறார்கள் சிலர், ஜப்பான் மொழி லேசு என்கிறார்கள் வேறு சிலர். எதில் சேர்ப்பது?
– வாசகி, சுன்னாகம்

பதில்: இரண்டு நாடுகளும் கேட்கும் ஆட்கள் வேறு வேறு. ஜப்பானின் திறன்சார் தொழிலாளர் விசாவில் இந்தத் துறைக்கு எடுப்பது முதியோர் பராமரிப்பு உதவியாளர்களை. அதற்கு மூன்று சோதனைகள் உண்டு: பொது ஜப்பான் மொழிச் சோதனை (ஜேஎஃப்டி பேசிக் என்பதில் 250க்கு 200 புள்ளி, அல்லது ஜேஎல்பிடி என்பதில் என்4 மட்டம்), பராமரிப்புத் திறன் சோதனை, பராமரிப்புக்கான ஜப்பான் மொழிச் சோதனை. இந்த விசாவில் 5 வருடம்வரை இருக்கலாம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. வினைச்சொல் கடைசியில் வருவதால் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாக்கிய அமைப்பு கெதியில் பிடிபடும். பிந்துவது 'கான்ஜி' எனும் சீன வழிவந்த எழுத்துகளில்தான். இன்னொன்று: ஜேஎஃப்டியிலும் ஜேஎல்பிடியிலும் பேச்சுச் சோதனை இல்லை. புள்ளி நிறைய எடுத்த பிள்ளைகள் வேலை கொடுப்பவரின் நேர்முகத்தில் வாய் திறக்க முடியாமல் நிற்பது இதனால்தான். முதல் மாதத்திலிருந்தே பேசிப் பழக்கும் வகுப்பாகத் தேடுங்கள்.

ஜேர்மனியில் 3 வருடத் தாதியர் தொழிற்பயிற்சி உண்டு. பயிற்சிக் காலத்திலேயே மாதக் கொடுப்பனவு, முடிவில் முழுத் தகுதி. நுழைய பொதுவாக பி1 (ஐரோப்பிய மொழி அளவில் நடுத்தர மட்டம்) வேண்டும், அடுத்த மட்டமான பி2 கேட்கும் இடங்களும் பல. ஜேர்மன் மொழி கற்பிக்கும் கோதே நிறுவனத்தின் கணக்கில் பி1க்கு 45 நிமிடப் பாடங்கள் 350 முதல் 650 வரை. கிழமைக்கு ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணித்தியாலம் படித்தால் ஆறு மாதத்திலிருந்து கிட்டத்தட்ட ஒரு வருடம். "மூன்று மாதத்தில் பி1" என்ற விளம்பரத்துக்குக் காசு கட்டாதீர்கள். பி1 பரீட்சையில் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் 100க்கு 60 வேண்டும், தவறிய பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம்.

தாதியாகவே வரவேண்டுமென்றால் ஜேர்மன்தான் எங்கள் பரிந்துரை. உழைப்பு உடனே தேவைப்படும் வீடென்றால் ஜப்பான் மொழி. இரண்டையும் ஒன்றாகத் தொடங்கவேண்டாம்.

கேள்வி: டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழிப் பரீட்சையில் பி2 சித்தியடைந்துவிட்டேன். கனடாவில் குடியேறும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறைக்கு இது போதுமா?
– வாசகர், நல்லூர்

பதில்: போதாது. அங்கே பிரெஞ்சுக்கு ஏற்பது டெஃப் கனடா, டிசிஎஃப் கனடா என்ற இரண்டு சோதனைகளையும்தான். 2023 முதல் நடக்கும் பிரெஞ்சுப் பிரிவுத் தெரிவுக்கு நான்கு திறன்களிலும் என்சிஎல்சி (கனடாவின் பிரெஞ்சு மொழி மட்ட அளவு) 7 வேண்டும். ஒன்றில் 6 வந்தாலும் அந்தப் பிரிவில் இடமில்லை. படிப்பு வீண்போகவில்லை, பி2 அறிவு அந்த மட்டத்துக்குக் கிட்டத்தான். ஆனால் வினாத்தாள் அமைப்பு வேறு, நேரமும் இறுக்கம். பெறுபேறு 2 வருடத்துக்கே செல்லுபடியாகும். ஆகவே கல்விச் சான்று மதிப்பீடு, வேலை அனுபவக் கடிதங்களைத் தயார்படுத்திக்கொண்டு சோதனைக்குப் போங்கள்.

கேள்வி: கொரிய மொழிப் பரீட்சைக்கு முகவர் ஒருவர் முற்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: கொடுக்கவே வேண்டாம். அந்தப் பரீட்சை கொரியாவின் வேலை அனுமதித் திட்டத்துக்கானது; அதற்கு இலங்கையில் விண்ணப்பம் எடுப்பது வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் மட்டும். வயது 18 முதல் 39. வாசிப்பில் 20, கேட்டலில் 20 கேள்விகள். சித்தியடைந்தாலும் பெயர் பட்டியலில்தான் ஏறும். கொரிய முதலாளி தெரிவுசெய்தால்தான் பயணம். அதுவரை இருக்கிற வேலையை விடாதீர்கள்.