மண் குறையவில்லை, மரம் மட்டும் எப்படிக் கனத்தது?

கேள்வி: மரம் மண்ணைச் சாப்பிட்டு வளர்கிறது என்றால், அதன் அடியில் பள்ளம் விழ வேண்டாமா ஐயா? (பதினொன்றாம் வகுப்பு மாணவி)

பள்ளம் விழவில்லை என்று கவனித்தாயே, பாதி விடை அதில் இருக்கிறதம்மா. ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன் வான் ஹெல்மான்ட் என்பவருக்கும் இதே சந்தேகம். காயவைத்த மண்ணை 200 பவுண்டு நிறுத்துத் தொட்டியில் போட்டார். 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, 5 ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். கன்று 169 பவுண்டு மரமாகிவிட்டது. அதாவது சுமார் 77 கிலோ. மண்ணை மறுபடியும் காயவைத்து நிறுத்தால், குறைந்திருந்தது 2 அவுன்ஸ். 60 கிராம்கூட இல்லை!

அப்படியானால் எல்லாம் தண்ணீர்தான் என்று முடிவுகட்டினார். பச்சை மரத்தின் எடையில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால் முழுத் தப்பு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காய்ந்த கட்டையில் ஏறக்குறைய பாதி கார்பன். தண்ணீரில் ஏது கார்பன்? அது காற்றிலிருந்து வந்தது. காற்றில் வெறும் 0.04 சதவீதமே உள்ள கார்பன் டை ஆக்சைடை இலைத்துளைகள் வழியாக உள்ளே இழுத்து, சூரிய ஒளியின் ஆற்றலால் சர்க்கரையாக்கி, அந்தச் சர்க்கரையைக் கோத்துக் கோத்துக் கட்டையாக்கிக்கொள்கிறது மரம். மண் கொடுத்த பங்கைப் பார்க்க வேண்டுமா? கட்டையை எரித்தபின் மிஞ்சுகிற அந்தக் கைப்பிடிச் சாம்பலைப் பார்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. ‘கேஸ்’ என்ற சொல்லை உருவாக்கியவரே இந்த ஹெல்மான்ட்தான். கரி எரியும்போது வெளிவரும் கேஸையும் தனியாக இனங்கண்டு வைத்திருந்தார். நாம் இன்று கார்பன் டை ஆக்சைடு என்கிறோமே, அதுதான். விடை கையிலேயே இருந்தது; மரத்தோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

நான் மட்டும் என்ன யோக்கியம்? கார்பன் டை ஆக்சைடிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனைச் செடி வெளியே விடுகிறது என்றுதான் பல வருடம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளிவரும் ஆக்சிஜன் தண்ணீர் பிளந்து வருவது. கனமான ஆக்சிஜன் ஐசோடோப்பைத் தண்ணீரில் சேர்த்து 1941இலேயே காட்டிவிட்டார்கள். என்னிடம் அந்தத் தப்பைப் படித்தவர்கள் இதைப் படித்தால் மன்னிக்க வேண்டும்.

கேள்வி: செடிகள் பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம். சரிதானே? (ஒன்பதாம் வகுப்பு மாணவர்)

இல்லை தம்பி. சுவாசம் இருபத்துநான்கு மணி நேரமும் நடக்கும். பகல் வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கை அதைவிட வேகமாக நடப்பதால், சுவாசம் நம் கணக்கில் தெரியாமல் போகிறது. வெளிச்சமே படாத வேர் எப்போதும் சுவாசிக்க மட்டுமே செய்கிறது. தேர்வில் ‘இரவில் மட்டும்’ என்று எழுதி மதிப்பெண்ணை விட்டுவிடாதே.

கேள்வி: சிவப்பணுவில் உட்கரு கிடையாது என்கிறார்கள். பிறகு அதைச் செல் என்பது நியாயமா? (பெயர் எழுதாத வாசகர்)

பிறக்கும்போது உட்கரு இருந்தது. எலும்பு மஜ்ஜையில் முதிரும்போது தானே அதை வெளியே தள்ளிவிடுகிறது. அந்த இடமும் ஹீமோகுளோபினுக்குக் கிடைக்கிறது. ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் இல்லாததால், சுமந்து செல்லும் ஆக்சிஜனில் தனக்கென்று ஒரு துளிகூட எடுத்துக்கொள்வதில்லை. விலை இல்லாமல் இல்லை: புதுப் புரதம் செய்து தன்னைப் பழுதுபார்க்க முடியாது, சுமார் 120 நாளில் ஆயுள் முடிந்துவிடும். தவளைக்கும் பறவைக்கும் சிவப்பணுவில் உட்கரு உண்டு. நுண்ணோக்கியில் நடுவில் கரும்புள்ளியாகத் தெரியும்.

உட்கரு இல்லாவிட்டால் செல் என்ற பெயர் பொருந்தாது என்றால், அந்தப் பெயரே தப்பாகிவிடும். 1665இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் பார்த்துச் ‘செல்’ என்று எழுதியவை, உள்ளே எதுவுமே மிஞ்சாத செத்த சுவர்கள்.