புது மருந்து ஆய்வில் கணவரைச் சேர்க்கலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 57. 14 வருடமாகச் சர்க்கரை நோய். போன வருடத்திலிருந்து சிறுநீரில் புரதம் போகிறது, கிரியாட்டினின் 1.7 என்கிறார்கள். சின்ன ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அவர் போகும் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஆராய்ச்சி மையத்தில், சிறுநீரகத்துக்கான ஒரு புது மருந்துக்கு கிளினிக்கல் டிரையல் நடக்கிறதாம். சேருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் நடக்குமாம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். 16 பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்து, அடுத்த வாரம் கையெழுத்துப் போட வரச் சொன்னார்கள். அதில் நாமினி பெயர் வேறு கேட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. "மாப்பிள்ளையைச் சோதனை எலி ஆக்கப் பார்க்கிறார்கள்" என்கிறார் என் அண்ணன். இவரோ, "டெஸ்ட் எல்லாம் இலவசம், சேர்ந்துவிடலாம்" என்கிறார். நான் என்ன செய்வது?

– வாசகி, செங்கல்பட்டு மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் ஒரு தகவல் விட்டுப்போயிருக்கிறது. உங்கள் கணவர் இப்போது என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்? ஆய்வில் சேரலாமா என்ற கேள்விக்குப் பாதி விடை அந்த மருந்துச் சீட்டில்தான் இருக்கிறது.

கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு. 57 வயது ஆணுக்கு ரத்தத்தில் அது 1.7 என்றால் சிறுநீரகம் ஏறக்குறையப் பாதித் திறனோடு வேலை செய்கிறது என்று அர்த்தம். பயந்து ஒடுங்க வேண்டிய நிலை அல்ல. அதே சமயம், அலட்சியமாக விடக்கூடிய நிலையும் அல்ல. இந்தக் கட்டத்தில் சிறுநீரகம் கெடும் வேகத்தைக் குறைக்கும் என்று நிரூபணமான மருந்துகள் ஏற்கெனவே கடையில் கிடைக்கின்றன. டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் வகை மாத்திரைகளை எல்லோரும் பிரஷர் மாத்திரை என்றுதான் நினைக்கிறார்கள். சிறுநீரில் புரதம் கசிவதையும் அவை குறைக்கும். அடுத்தது டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை. காப்புரிமை முடிந்து நம் ஊர்க் கம்பெனிகள் பலவும் தயாரிப்பதால் இவற்றின் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. இவை போக, சிலருக்கு ஃபினெரினோன் என்ற மாத்திரையும் உதவும்.

இந்த முதல் இரண்டு வகையும் உங்கள் கணவருக்குக் கொடுக்கப்படுகிறதா, கொடுக்கவில்லை என்றால் என்ன காரணம் என்பதை அவரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் முதலில் கேளுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம் அதிகம், அடிக்கடி சிறுநீர்த் தொற்று என்று நியாயமான காரணம் இருக்கலாம். காரணமே இல்லாமல் விடுபட்டிருந்தால், ஆய்வைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் அதைச் சரிசெய்ய வேண்டும். நிரூபணமான மருந்தைச் சாப்பிடாமல், இன்னும் நிரூபிக்கப்படாத மருந்தை நம்பிப் போவதில் அர்த்தமில்லை.

வெற்று மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். "பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாத்திரை" என்று கேட்டதும், அந்தப் பாதிப் பேரைச் சிகிச்சையில்லாமல் விட்டுவிடுவார்கள் என்று நினைத்திருப்பீர்கள். நியாயமாக நடக்கும் ஆய்வில் அப்படி விடமாட்டார்கள். வழக்கமான சிகிச்சை இரண்டு பிரிவினருக்கும் ஒரே மாதிரி தொடரும். அதற்கு மேல் ஒரு பிரிவுக்குப் புது மருந்து, இன்னொரு பிரிவுக்கு அதே நிறத்தில், அதே அளவில் ஒரு வெற்று மாத்திரை. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது இதுதான்: "இவர் இப்போது சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் தொடருமா? எதையாவது நிறுத்தச் சொல்வீர்களா? நிறுத்தினால் எத்தனை நாளைக்கு?" சிறுநீரகத்தைக் காக்கும் மருந்தை மாதக்கணக்கில் நிறுத்தச் சொன்னால், என் கருத்தில், கையெழுத்துப் போட வேண்டாம்.

புது மருந்து கிடைப்பவர்தான் அதிர்ஷ்டசாலி, வெற்று மாத்திரை கிடைப்பவர் ஏமாந்தவர் என்று ஓர் எண்ணம் படித்தவர்களிடம்கூட இருக்கிறது. உங்கள் கணவருக்கு இருக்கும் இதே நோயில் நடந்த இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன்.

டபாகிளிஃப்ளோசின் வகையையே சேர்ந்த கானாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைக்கு, 34 நாடுகளில், சர்க்கரை நோயால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 4,401 பேரிடம் கிரெடன்ஸ் என்ற ஆய்வு நடந்தது. எல்லோருமே லோசார்ட்டன் மாதிரியான வழக்கமான மருந்தில் இருந்தவர்கள். மருந்துப் பிரிவில் நன்மை தெளிவாகத் தெரிந்ததால் 2018-ல் ஆய்வை முன்கூட்டியே முடித்துவிட்டார்கள். சிறுநீரகம் செயலிழப்பது, கிரியாட்டினின் இரட்டிப்பாவது, சிறுநீரக நோயாலோ இதய நோயாலோ இறப்பது ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், மருந்துப் பிரிவில் ஆபத்து 30 சதவீதம் குறைவு. இன்று டாக்டர்களாகிய நாங்கள் டபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகளைத் தைரியமாக எழுதித் தருவதற்கு இது போன்ற ஆய்வுகள்தான் காரணம்.

இன்னொன்று பார்டாக்சலோன் என்ற மருந்து. 2011-ல் வெளியான 227 பேர் ஆய்வில் சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவு கூடியதாகத் தெரிந்தது. எங்கள் துறையில் பலருக்கும் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. அப்புறம் பீக்கன் என்ற பெயரில் 2,185 பேரிடம் பெரிய ஆய்வு தொடங்கினார்கள். 2012 அக்டோபரில் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் இறந்தவர்களும் மருந்துப் பிரிவில் 96 பேர், வெற்று மாத்திரைப் பிரிவில் 55 பேர். அந்த ஆய்வில் வெற்று மாத்திரை கிடைத்தவர்கள்தான் தப்பித்தவர்கள்.

உங்கள் கணவர் சேரப்போகும் ஆய்வு இந்த இரண்டில் எந்த மாதிரி முடியும் என்று இன்றைக்கு யாராலும் சொல்ல முடியாது. தெரிந்திருந்தால் ஆய்வே தேவையில்லை. அதனால் "இந்த மருந்து உங்களுக்குக் கண்டிப்பாக நல்லது செய்யும்" என்று அங்கே யாராவது சொன்னால் எச்சரிக்கையாக இருங்கள். "தெரியவில்லை, அதைத் தெரிந்துகொள்ளத்தான் செய்கிறோம்" என்று சொல்லும் டாக்டரை நம்பலாம். பீக்கன் கதையில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே தரவுகளை எடுத்துப் பார்க்கும் தனிக் குழு ஒன்று இருந்தது. ஆபத்து தெரிந்ததும் நிறுத்தச் சொன்னது. உங்கள் கணவரின் ஆய்வுக்கும் அப்படிக் குழு இருக்கிறதா என்று கேளுங்கள்.

உங்கள் அண்ணன் சொன்னதை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். அவருடைய பயத்துக்கு இந்த நாட்டில் காரணம் இருந்தது. ஏழைகளிடம் சரியாக விளக்காமல் கையெழுத்து வாங்கியதாகப் புகார்கள் எழுந்து, பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013-ல் விதிகள் கடுமையாயின. இப்போது நடைமுறையில் இருப்பது 2019-ம் வருடத்துப் புதிய மருந்துகள் மற்றும் கிளினிக்கல் டிரையல் விதிகள். அதன்படி இப்படிப்பட்ட ஆய்வுக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும், ஆய்வில் சேருபவர்களின் நலனைப் பாதுகாக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர். அவர்களில் பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். சட்டம் தெரிந்தவர் ஒருவர், மருத்துவம் படிக்காத சாதாரண மனிதர் ஒருவர், பெண் ஒருவர் என்று கட்டாயம் உண்டு. எலியிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. உங்கள் கணவர் முடியாது என்று சொல்லலாம், சேர்ந்த பிறகு எந்த நாளிலும் காரணம் சொல்லாமலே விலகலாம். அதற்காக அதே மருத்துவமனையில் அவருக்குக் கிடைக்கும் வழக்கமான சிகிச்சையைக் குறைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

நாமினி பெயரைப் பார்த்து நீங்கள் தூக்கம் இழந்திருக்கிறீர்கள். அந்த இடம் எல்லாச் சம்மதப் படிவத்திலும் இருக்க வேண்டும் என்பது விதி. ஆய்வின் காரணமாக ஒருவர் இறந்துபோனால் இழப்பீடு யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகக் கேட்பது. இந்த ஆய்வு அவ்வளவு ஆபத்தானது என்று அதற்குப் பொருள் இல்லை. உண்மையில், நாமினி கேட்காத படிவத்தைக் கண்டால்தான் நான் சந்தேகப்படுவேன். அதேபோல், ஆய்வில் இருக்கும்போது உடலுக்கு ஏதாவது கேடு வந்தால் தேவைப்படும் வரை இலவச சிகிச்சை தர வேண்டும். ஆய்வால் வந்ததல்ல என்று நிரூபணமானால் மட்டுமே அதை நிறுத்தலாம். ஆய்வால்தான் வந்தது என்றால் சிகிச்சை போக இழப்பீடும் உண்டு.

ஆய்வு உண்மையானதுதானா என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். இந்தியாவில் நடக்கும் ஆய்வுகள் சி.டி.ஆர்.ஐ. என்ற பதிவேட்டில் இருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2007-ல் ஆரம்பித்தது, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவு எண்ணை மருத்துவமனையில் கேட்டு வாங்கி, வீட்டில் பிள்ளைகள் யாரையாவது தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஆய்வை நடத்துவது யார், பணம் கொடுப்பது யார், எந்தெந்த ஊர்களில் நடக்கிறது, எப்படிப்பட்டவர்களைச் சேர்க்கமாட்டார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். எண் தர மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

சரி, உங்கள் கணவரின் "இலவசம்" கணக்கு. ஆய்வுக்காகச் செய்யும் டெஸ்டும் ஆய்வு மருந்தும் இலவசம்தான். ஆனால் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் இப்போது வாங்கும் மாத்திரைச் செலவு பெரும்பாலும் உங்களுடையதாகவே இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்தில் எத்தனை தடவை வர வேண்டும், ஒவ்வொரு தடவையும் எத்தனை மணி நேரம், எத்தனை தடவை வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்கள்? கடையை மூடிவிட்டு வரும் நாட்களுக்குப் போக்குவரத்துச் செலவு மட்டும் தருவார்களா, நஷ்டத்துக்கும் ஏதாவது உண்டா? இதை எல்லாம் கூச்சப்படாமல் கேளுங்கள். இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதே இல்லை: மருந்து நன்றாக வேலை செய்தால், ஆய்வு முடிந்த மறுநாள் அது கிடைக்குமா? வேறு மாற்று மருந்தே இல்லாத நோய்களில் தொடர்ந்து இலவசமாகத் தர விதியில் இடமிருக்கிறது. உங்கள் கணவரின் நோய்க்கு வேறு மருந்துகள் இருப்பதால் அதை எதிர்பார்த்துச் சேர வேண்டாம்.

இலவச டெஸ்டுக்காக மட்டும் சேர்வது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அடிக்கடி ஒரு குழு அவரைக் கவனிக்கும் என்பது சாதாரண லாபம் அல்ல. பொட்டாசியம் ஏறுவதும் பிரஷர் எகிறுவதும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மட்டும் டாக்டரைப் பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. ஆய்வில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இதனால் மற்றவர்களுக்கு என்ன நன்மை என்று அவர் யோசிப்பவராக இருந்தால், நம் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லுங்கள். 1956-ல் சென்னையில் காசநோயாளிகள் 193 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒரு வருடம் சானடோரியத்தில் தங்கி ஓய்வு, நல்ல சாப்பாடு, மருந்து. மற்றப் பிரிவுக்கு வீட்டிலேயே இருந்துகொண்டு அதே மருந்து. வீட்டில் இருந்தவர்கள் ஏழைகள், நெருக்கமான குடியிருப்பு, சாப்பாடும் அரைகுறை. ஆனாலும் இரண்டு பிரிவிலும் குணம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-ல் முடிவு வெளியானது. காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம் என்று உலகமே மாறியதற்கு அந்த 193 பேர் கொடுத்த சம்மதம் ஒரு முக்கியக் காரணம். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அந்த முயற்சியிலிருந்து வளர்ந்ததுதான்.

சேர்வது என்று முடிவெடுத்தால் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நாட்டு மருந்து, சூரணம், முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோஃபினாக், எதையும் மறைக்கக் கூடாது. "சொன்னால் சேர்க்கமாட்டார்கள்" என்று மறைப்பவர்கள் நிறையப் பேர். வலி மாத்திரை ஒன்றே அவர் சிறுநீரகத்தை இன்னும் கெடுத்துவிடும். அதோடு புது மருந்தும் சேர்ந்தால் எதனால் என்ன ஆனது என்றே கண்டுபிடிக்க முடியாது. ஆய்வில் இருப்பதற்கான அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருக்கட்டும். அவசரத்துக்கு வேறு ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் அட்டையைக் காட்டுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் அவர் சாப்பிட்டது மருந்தா வெற்று மாத்திரையா என்று உடனே தெரிந்துகொள்ள வழி வைத்திருப்பார்கள்.

அடுத்த வாரம் கையெழுத்து என்பது உங்களைக் கட்டுப்படுத்தாது. அந்த 16 பக்கமும் உங்களுக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தமிழ்ப் படிவம் கேளுங்கள். ஒரு நாள் நீங்களும் அண்ணனும் கூடவே போங்கள். புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு போய், ஆய்வை நடத்தும் டாக்டரிடமே கேளுங்கள். பதில் சரியில்லை என்று பட்டால், படிவத்திலேயே நெறிமுறைக் குழுச் செயலாளரின் தொலைபேசி எண் இருக்கும், அவரிடம் பேசலாம். கையெழுத்துப் போட்ட பிறகு படிவத்தின் நகல் ஒன்று உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். அதன் பிறகும் ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்துவிட்டு, அளவு பொருந்தவில்லை என்று அவரைச் சேர்க்காமல் அனுப்பலாம். அது சகஜம், அதனால் மனம் தளர வேண்டாம்.

அதற்குள் அவருடைய மருந்துச் சீட்டு, கடைசியாக எடுத்த பொட்டாசியம் அளவு, சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு போகிறது என்ற ரிப்போர்ட், மூன்றையும் எனக்கு அனுப்புங்கள். முதலில் சொன்ன இரண்டு வகை மருந்தும் அவருக்குக் கிடைக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.