நாய் பழக்கும் தொழில்: கேள்வி-பதில்

வீடு வீடாகப் போய் நாய் பழக்குகிறேன். நாள் முழுக்க அலைந்தும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. ஒரு வகுப்புக்கு எவ்வளவு வாங்குவது? (கோயம்புத்தூர்)

பக்கத்து ஏரியாக்காரர் வாங்குவதில் நூறு ரூபாய் குறைத்துச் சொல்வதை முதலில் விடுங்கள். உங்கள் கணக்கை நீங்களே போட வேண்டும்.

மாதம் 35,000 ரூபாய் மிச்சம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல், வண்டி சர்வீஸ், ட்ரீட் (பரிசுத் தீனி), லீஷ் (கயிறு), போன் எல்லாம் சேர்த்துச் செலவு 9,000. ஆக 44,000 வர வேண்டும். நம் ஊர் வெயிலில் காலை 6 முதல் 9, மாலை 5 முதல் 8 வரைதான் வேலை நேரம். 45 நிமிட வகுப்பும் 25 நிமிடப் பயணமும் சேர்ந்தால் ஒரு வேளைக்கு இரண்டு வீடுதான் நிம்மதியாக முடியும். நாளைக்கு 4, மாதம் 24 நாளைக்கு 96. மழை, காய்ச்சல், வீட்டில் விருந்தாளி என்று ஐந்தில் ஒன்று நின்றுபோகும். மிஞ்சுவது 77. 44,000-ஐ 77-ஆல் வகுத்தால் 571. அதற்குக் கீழே ஒப்புக்கொண்டால் நினைத்த மிச்சம் கையில் நிற்காது என்று அர்த்தம். உங்கள் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள்.

12 வகுப்பாகப் பேசி, பாதிப் பணத்தை முதல் நாளே வாங்குங்கள். அன்றைக்குக் காலையில் ‘இன்னிக்கு வேண்டாம்’ என்றால் அது ஒரு வகுப்பாகக் கணக்கு. இதை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வீடுகள் ஆறேழு கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். தூரத்து வீடு பெரிய தொகை சொன்னாலும் ஒரு வேளையையே தின்றுவிடும்.

சான்றிதழ் இல்லாமல் இந்தத் தொழில் செய்யலாமா? (மதுரை)

செய்யலாம். டிரெயினருக்கென்று தனி அரசு உரிமம் இந்தியாவில் இல்லை. குவாலியர் அருகே தேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையும், மீரட்டில் ராணுவமும் நடத்தும் பயிற்சி மையங்கள் படைப்பிரிவு வேலைக்கானவை. அங்கே தேர்ந்து ஓய்வு பெற்றவரிடம் கயிறு பிடிக்கிற லாகவம் நிறையக் கற்கலாம். ஆனால் குழந்தையும் பாட்டியும் இருக்கிற வீட்டில் நாயை வைத்திருப்பது வேறு வேலை, அதைத் தனியாகக் கற்க வேண்டும்.

காசு கட்டிச் சேரும் முன் ஒன்றைக் கேளுங்கள்: எத்தனை நாயை நானே கையில் பிடிப்பேன்? பதில் தெளிவாக வராவிட்டால் சேராதீர்கள். ஒரு நல்ல டிரெயினரிடம் ஆறு மாதம் உதவியாளராக இருங்கள். காப்பகத்தில் வாரம் இரண்டு நாள் தெருநாய்களோடு வேலை செய்யுங்கள். தேதி, நேரம், நாயின் வயது, என்ன செய்தீர்கள் என்று நோட்டில் எழுதி வாருங்கள். சி.பி.டி.டி. என்ற சர்வதேசத் தேர்வு எழுதுவதற்கே 300 மணி நேர அனுபவம் காட்ட வேண்டும். அந்த நோட்டு அப்போது உதவும்.

‘நீங்க வந்தாதான் கேக்குது, எங்ககிட்ட கேக்கவே மாட்டேங்குது’ என்று பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள். (திருச்சி)

அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. நாய் கற்றது ‘சிட்’ என்ற சொல்லை மட்டும் அல்ல. நீங்கள் நிற்கிற தோரணை, இடுப்பில் தொங்கும் ட்ரீட் பை, கேட் ஓரத்து அந்த இடம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான். நீங்கள் போனதும் அதில் பாதி போய்விடுகிறது.

வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அப்பா ‘சிட்’ என்கிறார், பாட்டி ‘உக்காருடா’ என்கிறார், பையன் ‘சிட், சிட், சிட்’ என்கிறான். ஒரே சொல்லைத் தேர்ந்து, தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்து கையைக் கவனியுங்கள். சொல்வதற்கு முன்பே கை ட்ரீட் பக்கம் போகும். நாய் கையைப் பார்த்து உட்கார்கிறதே ஒழிய சொல்லைக் கேட்டு அல்ல. கையை முதுகுக்குப் பின்னால் வைத்து, ஒரே முறை சொல்லி, மனதுக்குள் மூன்று எண்ணிக் காத்திருக்க வேண்டும். பின்புறம் தரையைத் தொட்ட ஒரு விநாடிக்குள் ட்ரீட். வேகவைத்த கோழி, பட்டாணி அளவு போதும்.

இப்படி ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், நாளைக்கு மூன்று தடவை, சாப்பாட்டுக்கு முன். ஹாலில் பத்துக்கு எட்டு சரியாக வந்த பிறகு வராந்தா, அப்புறம் கேட், கடைசியில் தெரு. தெருவில் தடுமாறினால் கேட்டுக்குத் திரும்புங்கள்.

பணத்துக்குப் பதிலாக இரண்டு வகுப்பு இலவசமாகக் கொடுங்கள், அதில் லீஷை நீங்கள் தொடவே கூடாது. இனி வரும் வீடுகளில் மூன்றாம் வகுப்பிலிருந்தே கடைசி 15 நிமிடம் லீஷ் வீட்டார் கையில் இருக்கட்டும்.

அடித்தால்தான் பயப்படும், ஒரு நாள் பட்டினி போடுங்கள் என்கிறார் உரிமையாளர். (சேலம்)

இரண்டுமே 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் குற்றம். உறுமினால் அடி என்று பழக்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும், கடிப்பதை விடாது. எச்சரிக்கை இல்லாமல் கடிக்கிற நாய்தான் குழந்தை உள்ள வீட்டில் மிக ஆபத்தானது. இதை எடுத்துச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

கடிக்கிற நாய்களை எடுக்கலாமா? (சென்னை)

முதல் இரண்டு வருடம் வேண்டாம். எடுப்பதானால் போனிலேயே கேளுங்கள்: யாரை, எப்போது, எத்தனை முறை கடித்தது, ரேபிஸ் தடுப்பூசி அட்டை இருக்கிறதா? வயதான நாய் திடீரென்று கடிக்க ஆரம்பித்தால் காது, பல், இடுப்பு வலியாக இருக்கலாம். கால்நடை மருத்துவர் பார்த்த பிறகே பயிற்சி. வாய்க்கூடு கூடை மாதிரியானதாக இருக்கட்டும். இறுக்கமான துணி வகையில் நாயால் வாய் திறந்து மூச்சு வாங்க முடியாது, வெயிலில் மயங்கிவிடும். உள்ளே தயிர் தடவி, மூக்கைத் தானாக நுழைக்கும்படி ஒரு வாரம் பழக்கிய பிறகே வாரை மாட்டுங்கள்.

தொழிலுக்கு வரும் முன்பே நீங்கள் முன்தடுப்பு ரேபிஸ் ஊசி போட்டிருக்க வேண்டும்: 0 (முதல் ஊசி போடும் நாள்), 7, பிறகு 21 அல்லது 28-ஆம் நாள். போட்டிருந்தாலும் கடிபட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். 0, 3-ஆம் நாட்களில் மறுபடி ஊசி உண்டு.

வெள்ளை ராஜபாளையம் குட்டி, கூப்பிட்டால் திரும்புவதே இல்லை. பிடிவாதமா? (விருதுநகர்)

அந்த முடிவுக்கு வருமுன் காதைச் சோதியுங்கள். இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. குட்டி தூங்கும்போது, அதன் பார்வையில் படாமல் பின்னாலிருந்து சாவிக்கொத்தை ஆட்டுங்கள். அருகில் கை தட்டினால் காற்று படும், காலால் தட்டினால் தரை அதிரும். இரண்டுக்கும் செவிட்டுக் குட்டியும் விழிக்கும். சத்தத்துக்குக் காது மடல்கூட அசையாவிட்டால் மருத்துவரிடம் அனுப்புங்கள். விழித்தும் எப்போதும் தவறான பக்கமே திரும்பினால் ஒரு காது மட்டும் கேட்காமல் இருக்கலாம்.

செவிட்டு நாயை அருமையாகப் பழக்கலாம். ‘சபாஷ்’ என்பதற்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி உடனே ட்ரீட், 30 முறை. விரலைக் கண்டதும் வாலாட்டினால் புரிந்துவிட்டது. பிறகு உட்கார, வர, நிற்க ஒவ்வொன்றுக்கும் ஒரு கைச்சாடை. எழுப்பும்போது மூக்கருகே கையை நீட்டி மணம் காட்டி எழுப்ப வேண்டும், திடுக்கிட்டால் கடிக்கும். கயிறு இல்லாமல் தெருவுக்கு விடவே கூடாது என்பதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வாருங்கள். பின்னால் வருகிற வண்டியின் ஹாரன் அதற்குக் கேட்காது.