ஜிப்சம் போர்டு இணைப்பில் கோடு விழாமல் பட்டி பார்ப்பது எப்படி?

கேள்வி: ஓர் அறையின் சுவருக்கும் சீலிங்குக்கும் நானே ஜிப்சம் போர்டு அடித்து முடித்துவிட்டேன். இணைப்புகளை மூடுவதுதான் பாக்கி. இந்த வேலை எனக்கு முற்றிலும் புதிது. எத்தனை கோட் போட வேண்டும்? சீலிங்கில் டெக்ஸ்சர் (சொரசொரப்பான பூச்சு) அடித்துவிட்டால் இணைப்பை அரைகுறையாக முடித்தாலும் தெரியாது என்கிறார்களே, உண்மையா? பக்கத்து அறையில் பழைய டெக்ஸ்சர் சீலிங் இருக்கிறது. அதையும் சுரண்டி எடுத்துவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் பார்த்துவிடுவோம். இதில் உடம்புக்கு ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஒரு காலத்தில் டெக்ஸ்சர் பூச்சிலும் பட்டிக் கலவையிலும் ஆஸ்பெஸ்டாஸ் சேர்த்தார்கள். அப்படிப்பட்ட பட்டிக் கலவையை அமெரிக்கா 1977இல் தடைசெய்தது. வேறு நாடுகளில் இன்னும் தாமதமாகத்தான் நின்றது. உங்கள் சீலிங் பல வருடங்களுக்கு முன்பு போட்டதாக இருந்தால், அல்லது எப்போது போட்டது என்றே தெரியாவிட்டால், ஆய்வகத்தில் பரிசோதித்து முடிவு வரும்வரை கை வைக்காதீர்கள். உதிராமல் இருக்கும்வரை அது பாட்டுக்கு இருக்கும். சுரண்டும்போதுதான் இழைகள் காற்றில் கலந்து நுரையீரலுக்குள் போகும். ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று வந்துவிட்டால், அதற்கென்று பயிற்சி பெற்றவர்கள்தான் எடுக்க வேண்டும். இல்லை என்று வந்தால் சரி, தண்ணீரைப் புகைபோல் தெளித்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, அகலமான பட்டி பிளேடால் தள்ளினால் வந்துவிடும். மேலே பெயின்ட் அடித்திருந்தால் மட்டும் தண்ணீர் உள்ளே இறங்காது. அப்போது சுரண்டி மல்லுக்கட்டுவதைவிட, அதன்மேலேயே மெல்லிய போர்டு ஒன்றை அடித்துவிடுவது சுலபம்.

இனி இணைப்புகள். புதிதாகச் செய்கிறவர்கள் எல்லோரும் ஒரே கணக்குத்தான் போடுவார்கள்: இப்போது தாராளமாக அப்பிவிடலாம், காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துச் சமன்படுத்திக்கொள்ளலாம். இந்தக் கணக்கு உதவாது. தடியாகப் போட்ட கலவை காயும்போது சுருங்கி வெடிக்கும். தேய்க்கத் தேய்க்க அறை முழுக்கத் தூசி. விட்டால் பக்கத்தில் உள்ள காகிதமும் பிய்ந்துவிடும். ஒரு கோட்டில் உள்ள குறையை அடுத்த கோட்டால் சரிசெய்யுங்கள், உப்புத்தாளால் அல்ல.

கலவை இரண்டு வகை. டப்பாவில் குழைத்தே வரும் ரெடிமிக்ஸ், தண்ணீர் ஆவியாகிக் காய்வது. ஒரு கோட் காய ஏறக்குறைய ஒரு நாள் ஆகும்; ஆனால் தேய்ப்பதற்கு மென்மை. தூளாக வருவது தண்ணீர் சேர்த்ததும் வேதிமாற்றத்தால் இறுகும். 20, 45, 90 நிமிடம் என்று பையிலேயே போட்டிருப்பார்கள். அதிகம் சுருங்காது, கெட்டியாக நிற்கும். ஆனால் இறுகிய பிறகு தேய்ப்பது பெரும்பாடு. பெரிய இடைவெளிகளையும் முதல் கோட்டையும் தூள் வகையால் முடித்துவிட்டு, மேல் கோட்டுகளுக்கு ரெடிமிக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். 20 நிமிடத் தூள் பக்கமே போகாதீர்கள், கை பழகுவதற்குள் இறுகிவிடும். வாளியையும் ஒவ்வொரு முறையும் கழுவுங்கள். பழைய கலவைத் துணுக்கு ஒட்டியிருந்தால் புதுக் கலவை சொன்ன நேரத்துக்கு முன்பே இறுகத் தொடங்கிவிடும்.

இணைப்பின்மேல் ஒட்டும் டேப்பில் என் ஓட்டு காகித டேப்புக்கு. தானே ஒட்டும் வலை டேப் சுலபமாகத் தெரியும். ஆனால் அதன்மேல் முதல் கோட்டாகத் தூள் கலவைதான் போட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் விரிசல் விடும். உள்மூலைகளில் நடுவில் மடித்து வைக்க வசதியானதும் காகிதம்தான். முதலில் 15 செ.மீ. பிளேடால் இணைப்பின்மேல் சுமார் 3 மி.மீ. கனத்துக்குக் கலவையைப் பரப்பி, டேப்பை வைத்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தி இழுங்கள். ஓரங்களில் கலவை பிதுங்கி வரும், அதை வழித்துவிடுங்கள். ஆனால் டேப்பின் அடியில் மெல்லிய படலம் ஒன்று நின்றே ஆக வேண்டும். முழுக்கப் பிழிந்துவிட்டால் அந்த இடம் காய்ந்ததும் கொப்புளம்போல் எழும்பும். விரலால் தட்டினால் உள்ளே காற்று இருப்பது சத்தத்திலேயே தெரியும். எழும்பிய துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள். மேலே பூசி மூடினால் என்றைக்காவது பெயின்டோடு கிளம்பி வரும்.

இரண்டாவது கோட்டுக்கு 25 செ.மீ. பிளேடு, மூன்றாவதுக்கு 30. ஒவ்வொன்றும் முந்தையதைவிட அகலமாக, மெல்லியதாக. போர்டின் நீளவாக்கு ஓரங்கள் சற்றே ஒடுங்கியிருப்பதால் அங்கே கலவை உட்கார ஒரு பள்ளம் கிடைக்கும். குறுக்கு ஓரங்களில் அந்தப் பள்ளம் கிடையாது, டேப் அப்படியே மேடாக நிற்கும். அந்த மேட்டை ஒழிக்க வழியில்லை; இருபுறமும் பரப்பி, மொத்தம் 50, 60 செ.மீ. அகலத்துக்கு இறக்கினால் கண் அதைப் பிடிக்காது. கோட்டுகளுக்கு இடையில் பிளேடு விட்ட வரப்புகளை மட்டும் கலவை காய்ந்த பிறகு பிளேடாலேயே சீவித் தள்ளுங்கள். ஸ்க்ரூ தலைகளுக்கும் அப்படித்தான், ஒரே முறையில் மூட நினைக்காமல் இரண்டு மூன்று தடவை.

கடைசியில் 150 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். மாஸ்க் கட்டாயம். அறையை இருட்டாக்கி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் நல்ல பிள்ளையாக இருந்த இணைப்பு அப்போதுதான் தன் குணத்தைக் காட்டும். பிறகு பிரைமர். அதைத் தவிர்த்தால் காகிதமும் கலவையும் பெயின்டை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். எவ்வளவு அழகாக முடித்திருந்தாலும் இணைப்புகள் பட்டை பட்டையாகத் தெரியும்.

சரி, டெக்ஸ்சர் மறைக்குமா? கொஞ்சம் மறைக்கும், நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. அமெரிக்க ஜிப்சம் அசோசியேஷனின் ஜிஏ-214 வழிகாட்டி இந்த வேலையை 0 முதல் 5 வரை படி பிரிக்கிறது. கனமான டெக்ஸ்சருக்கு மூன்றாம் படி போதும்: டேப் பதித்து, அதன்மேல் இன்னொரு கோட். மெல்லிய டெக்ஸ்சருக்கும் பளபளப்பில்லாத சாதாரண மேட் பெயின்டுக்கும் நான்காம் படி, அதாவது இன்னும் ஒரு கோட். மூன்றாம் படியிலேயே பிளேடு தடமோ வரப்போ இருக்கக் கூடாது என்கிறார்கள். டெக்ஸ்சர் மறைப்பது மேலோட்டமான கீறல்களைத்தான். மேடு, பள்ளம், பிதுங்கிய டேப் ஆகியவற்றை ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் நேரத்தில் அது எடுத்தே காட்டும்.

முதல் முயற்சிக்கு, தூவி அமுக்கும் வகை டெக்ஸ்சர் நல்லது. கலவையைத் தண்ணீர் விட்டுத் தளர்த்தி, ஸ்ப்ரேயரால் புள்ளிகளாகத் தூவி, மேலே உள்ள ஈரப் பளபளப்பு மங்கும்வரை 10, 15 நிமிடம் பொறுத்திருந்து, அகலமான பிளேடால் புள்ளிகளின் தலையை மட்டும் மெதுவாகத் தட்டையாக்க வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் இழுபடும், தாமதித்தால் பிளேடு வெறுமனே சுரண்டும். டெக்ஸ்சருக்கு முன்பும் பிரைமர் அடித்தாக வேண்டும், இல்லையென்றால் இடத்துக்கு இடம் வெவ்வேறு வேகத்தில் காயும். மீதமான போர்டுத் துண்டைத் தலைக்கு மேலே மாட்டி, கை பழகும்வரை அதில் அடித்துப் பாருங்கள். தரையில் கிடத்தி அடித்துப் பழகுவது சீலிங்குக்கு உதவாது. அப்புறம், துணைக்கு ஆள் இருந்தாலும் தூவுவதை ஒருவரே கடைசிவரை செய்யுங்கள், மற்றவர் பின்னாலேயே அமுக்கிக்கொண்டு வரட்டும். நடுவில் கை மாறினால் புள்ளியின் அளவும் மாறிவிடும்.